உங்கள் மென்பொருளை இப்போது யார் பார்க்கிறார்கள்? நிலைக் குறிப்பு எழுதும் முறை

மென்பொருளோடு வைக்கும் அறிமுகக் கோப்பான ரீட்மீயின் தலையில் ‘ஆக்டிவ்’ என்று ஒரு பச்சைப் பட்டையை ஒட்டிவிட்டு, வருடக்கணக்காக அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் நிறையப் பேர். ஒரு வரியும் எழுதிவைக்காமல், வருகிற ஒவ்வொரு பக் (பிழை) அறிக்கைக்கும் அன்றிரவே பதில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இந்த இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த வித்தியாசத்தை எழுத்தில் காட்டுவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நான் திருகோணமலை உவர்மலையில் இருந்துகொண்டு, பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றித்தரும் ஒரு சின்னக் கருவியைப் பராமரிக்கிறேன். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆனாலும் அச்சகங்கள், கச்சேரிப் (மாவட்டச் செயலகம்) பக்கம் விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிறவர்கள், பழைய வினாத்தாள்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஆசிரியர்கள் என்று கொஞ்சப் பேர் அதைப் பாவிக்கிறார்கள். கிண்ணியாவில் அச்சகம் வைத்திருக்கும் நானா ஒருவர் புதுக் கணினி வாங்கும்போதெல்லாம் போன் எடுப்பார். “தம்பி, உங்கட சாமான் இன்னும் ஓடுதா, நிப்பாட்டிட்டீங்களா?” கமிட் (நிரலில் பதிவான மாற்றம்) எத்தனை, கடைசி ரிலீஸ் (வெளியான பதிப்பு) எப்போது என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. நாளைக்கு ஏதாவது உடைந்தால் எடுத்துப் பார்க்க ஆள் இருக்கா என்பதுதான் அவருடைய கேள்வி. நிலைக் குறிப்பு என்பது அந்தக் கேள்விக்கு, அவர் போன் எடுக்காமலே கிடைக்கும் பதில். மற்றதெல்லாம் அலங்காரம்.

முதலில், எதை நம்பக்கூடாது என்று பார்த்துவிடுவோம். நிரல்களைச் சேர்த்துவைக்கும் தளமான கிட்ஹப்பில், வேலை நடந்த நாட்களைக் காட்டும் பச்சைக் கட்டங்களைப் பார்த்துவிட்டு ‘இது உயிரோடு இருக்கு, இது செத்துப்போச்சு’ என்று தீர்ப்புச் சொல்வது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்தது. அந்த மாதங்களில் என்னுடைய கட்டங்கள் வெறுமையாகத்தான் கிடக்கின்றன. ஜெர்மனியில் இருந்து ஒருவர் அதைப் பார்த்தால் ஆள் ஓடிவிட்டான் என்றுதான் நினைப்பார். வாடைக்காற்றுக் காலத்தில் நிலாவெளிக் கரையில் ஏற்றிவைத்திருக்கும் வள்ளத்தைப் பார்த்துவிட்டு, இதன் சொந்தக்காரன் தொழிலை விட்டுவிட்டான் என்று சொல்வது போன்றது அது. கடல் தணியும்வரை காத்திருக்கிறானா, உண்மையிலேயே விட்டுவிட்டானா என்பதை வள்ளம் சொல்லாது. சொந்தக்காரன்தான் சொல்லவேண்டும்.

எதிர்ப்பக்கமாகவும் ஏமாறலாம். டிபெண்டபொட் போன்ற தானியங்கிகள், பாவிக்கும் லைப்ரரிகளின் (பிறர் எழுதிய நிரல் தொகுதிகள்) பதிப்பு எண்ணை உயர்த்தச் சொல்லி ஓயாமல் புல் ரிக்குவெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கும் கோரிக்கை) போட்டுக்கொண்டிருக்கும். அவற்றைத் தானாகவே சேர்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டால், மனிதக் கை படாமலே ஒரு ரெப்போ (திட்டத்தின் நிரல் களஞ்சியம்) வருடம் முழுக்கப் பச்சையாகத் தெரியும். ஓபன்எஸ்எஸ்எஃப் ஸ்கோர்கார்ட் என்ற பாதுகாப்பு மதிப்பீட்டுக் கருவியும் ‘பராமரிக்கப்படுகிறதா’ என்ற கேள்விக்குக் கடைசி 90 நாட்களின் கமிட்டையும் இஷ்யூக்களில் (புகார்ப் பதிவுகள்) நடந்ததையும் பார்த்தே புள்ளி போடுகிறது. ஆயிரக்கணக்கான ரெப்போக்களை ஒரேயடியாகச் சலிக்க இது உதவும், குறை சொல்லமாட்டேன். ஆனால் முடிந்துபோன நல்ல மென்பொருளுக்கு அதில் புள்ளி கிடைக்காது.

அப்படி ஒன்று உண்டா என்று கேட்பீர்கள். டொனால்ட் கனூத் எழுதிய டெக் என்ற அச்சுக்கோர்ப்பு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். புது வசதி எதுவும் சேர்ப்பதில்லை என்று அவர் எப்போதோ முடிவெடுத்துவிட்டார். பல வருடங்களுக்கு ஒருமுறை சேர்ந்திருக்கும் பக்குகளை எடுத்துப் பார்க்கிறார், திருத்துகிறார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண்ணில், கணிதத்தில் வரும் பையின் (π) இன்னொரு இலக்கம் கூடும். 2021-இல் வந்தது 3.141592653. தான் போன பிறகு எண்ணைப் பை என்றே நிறுத்திவிடவேண்டும், அதற்குப் பிறகு மிஞ்சியிருக்கும் பக்கெல்லாம் வசதியாகிவிடும் என்றும் எழுதிவைத்திருக்கிறார். கமிட் வேகத்தை வைத்துப் பார்த்தால் இது பிணம். ஆனால் என்ன எப்போது நடக்கும் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லிவைத்த திட்டம் என் கண்ணில் படவில்லை.

சரி, என்ன சொற்களில் எழுதுவது? புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. நல்ல வகைப்பாடுகள் ஏற்கெனவே இருக்கின்றன.

எனக்கு மிகப் பிடித்தது லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் உள்ள மெயின்டெய்னர்ஸ் என்ற கோப்பு. கெர்னலின் ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே அதன் நிலை எழுதியிருக்கும். ‘சப்போர்ட்டட்’ என்றால் இதைப் பார்க்க ஒருவருக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். ‘மெயின்டெய்ன்ட்’ என்றால் ஒருவர் உண்மையிலேயே பார்க்கிறார். ‘ஒட் ஃபிக்ஸஸ்’ என்றால் பொறுப்பில் ஆள் இருக்கிறார், ஆனால் எப்போதாவது ஒரு திருத்தம் போடுவதற்கு மேல் அவருக்கு நேரம் இல்லை. ‘ஓர்ஃபன்’ என்றால் பார்க்க யாருமில்லை. ‘ஒப்ஸலீட்’ என்றால் இதற்குப் பதிலாக வேறொன்று வந்துவிட்டது, அதைப் பாவியுங்கள். கவனித்துப் பாருங்கள், இந்த ஐந்தில் ஒன்றுகூட மென்பொருளின் தரத்தைப் பற்றிப் பேசவில்லை. முதல் நான்கும் ஆளைப் பற்றியும் அவருடைய நேரத்தைப் பற்றியும்தான். சம்பளம் உண்டா இல்லையா என்பதை ஒளிக்காமல் சொல்வது இதன் தனிச் சிறப்பு. இரவு பத்து மணிக்குப் பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்காருகிறவனிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

ரஸ்ட் நிரல் மொழியில் திட்ட விவரம் எழுதும் கார்கோ கோப்பிலும் இதற்கென்று ஓர் இடம் உண்டு. அதில் இரண்டு சொற்களுக்கு இடையில் உள்ள வித்தியாசம் முக்கியமானது. ‘பாஸிவ்லி மெயின்டெய்ன்ட்’ என்றால் புது வசதி வராது, ஆனால் இஷ்யூ போட்டால் பதில் சொல்லும் எண்ணம் இருக்கிறது. ‘அஸ் இஸ்’ என்றால் வேலை முழுமையாகிவிட்டது, செய்யவேண்டியதைச் செய்கிறது, ஆனால் இனித் தொடவும் மாட்டேன், உதவியும் கிடையாது. என்னைப் போன்ற சின்னக் கருவிக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கிறோம். எதில் என்று சொல்லாமல் இருப்பதுதான் தொல்லை.

ரெப்போஸ்டேட்டஸ் என்ற வகைப்பாடு எட்டு நிலைகளைத் தருகிறது. வேலை எங்கே நின்றது என்பதை அது இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது: பாவிக்கக்கூடிய பதிப்பு வெளிவந்த பிறகு நின்றதா, வருவதற்கு முன்னாலேயே நின்றதா? வெளிவந்த பிறகு நின்றிருந்தால், நேரம் கிடைக்கும்போது பார்ப்பது ‘இனாக்டிவ்’, முழுவதும் கைவிட்டது ‘அன்சப்போர்ட்டட்’. வெளிவராமலே நின்றிருந்தால், திரும்பித் தொடங்கும் எண்ணம் உள்ளது ‘சஸ்பென்டட்’, இல்லாதது ‘அபாண்டன்ட்’. பல்கலைக்கழக வளாகத்தில் இறுதியாண்டுத் திட்டம் செய்து, பட்டம் வாங்கியதும் விட்டுவிட்டுப்போன ரெப்போக்கள் கிட்டத்தட்ட எல்லாம் கடைசி வகைதான். அப்படி எழுதினால் வெட்கம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். எழுதாவிட்டால் அடுத்த வருடம் வரும் பிள்ளை அதை நம்பி இறங்குவாள்.

பைத்தான் நிரல் மொழிப் பொதிகளின் களஞ்சியமான பைபிஐயில் உள்ள ஏழு படிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘பிளானிங்’கில் தொடங்கி ‘மச்சூர்’ வரை மென்பொருள் எவ்வளவு பழுத்திருக்கிறது என்று சொல்லும், ஏழாவது ‘இனாக்டிவ்’ மட்டும் பராமரிப்பைப் பற்றியது. இரண்டு வேறு அளவுகோல்களை ஒரே ஏணியில் கட்டிவைத்திருக்கிறார்கள். தேடலுக்கு உதவும் என்பதால் நிரப்புங்கள், அதோடு விட்டுவிடாதீர்கள்.

இப்போது குறிப்பை எழுதுவோம். நான் வைக்கும் விதி இதுதான்: வாசிக்கிறவர் ஒரு புகாரோடு வந்தால் என்ன நடக்கும் என்பது அதில் இருக்கவேண்டும். அதற்கு யார் பார்க்கிறார், எதைப் பார்ப்பார், எதைப் பார்க்கமாட்டார், பதில் வர எவ்வளவு காலம் எடுக்கும், இது எந்தத் தேதியில் எழுதியது என்பவை போதும். என்னுடைய கருவிக்கு நான் எழுதியிருப்பது இது:

“நிலை (2026 ஜனவரி): மாற்றும் அட்டவணை முடிந்த வேலை. புது எழுத்துருக்கள் சேர்க்கப்படமாட்டா, கேட்கவேண்டாம். பாமினி எழுத்து எதுவும் பிழையாக மாறினால் மாதிரி வரியுடன் அறிவியுங்கள், இரண்டு கிழமைக்குள் பதில் வரும். வேர்ட் கோப்பைத் திறக்கும் பகுதி நேரம் கிடைக்கும்போது மட்டும் திருத்தப்படும், காலக்கெடு இல்லை. பார்ப்பது ஒரே ஒருவர், சம்பளமில்லாத வேலை. 2027 ஜனவரிக்குப் பிறகும் இந்தக் குறிப்பில் பழைய தேதியே இருந்தால், யாரும் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.”

ஏன் ஒரே கருவியை இரண்டாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறேன்? பாமினி மாறாத எழுத்துரு. யூனிகோடிலும் ஒருமுறை ஓர் எழுத்துக்கு இடம் கொடுத்துவிட்டால் அதை நகர்த்தவோ நீக்கவோமாட்டார்கள் என்பது விதி. இரண்டு கரையும் அசையாதபோது நடுவில் உள்ள அட்டவணை ஏன் மாறவேண்டும்? பாமினியில் ‘கொ’ என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு ககரம், கடைசியில் கால் என்று கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே அடிக்கவேண்டும். யூனிகோடில் ககரம் முதலில், ஒகரக் குறி பின்னால். இந்த இடமாற்றத்தை ஒருதடவை சரியாக எழுதிவிட்டால் அது சாகும்வரை சரிதான். எஞ்சியிருப்பது ‘ஸ்ரீ’ போன்ற மூலைமுடுக்குகள். ‘ஶ’ என்ற எழுத்து யூனிகோடுக்கு 2005-இல்தான் வந்தது, அதனால் பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் ஸ்ரீக்கு உள்ளே இரண்டு விதமான எழுத்துக்கோவைகள் உண்டு. கோயில் அழைப்பிதழ் அடிக்கிறவர்கள் ‘தேடினால் அகப்படவில்லை’ என்று புகார் சொல்வது இதனால்தான். அந்த மாதிரியான புகாருக்குத்தான் ‘இரண்டு கிழமைக்குள்’ என்ற வாக்குறுதி.

வேர்ட் கோப்பைத் திறக்கும் பகுதி வேறு கதை. அது இன்னொருவர் எழுதிய லைப்ரரியில் தொங்குகிறது, அந்த லைப்ரரி பைத்தான் பதிப்பில் தொங்குகிறது. நான் சும்மா இருந்தாலும் காலுக்கடியில் மண் போய்க்கொண்டே இருக்கும். அதற்கும் அட்டவணைக்கும் ஒரே ‘ஆக்டிவ்’ முத்திரை குத்தினால் ஒன்றுக்குப் பொய்யாகிவிடும்.

கடைசி வரியைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள், ஏன் உங்களுக்கு நீங்களே தவணை வைக்கிறீர்கள் என்று. திட்டத்தைக் கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் அறிவித்துவிட்டுக் கைவிடுவதில்லை. வேலை மாறுகிறது, வெளிநாடு போகிறார்கள், நோய் வருகிறது. அந்த நேரத்தில் ரீட்மீயைத் திருத்த யாருக்கும் தோன்றாது. குறிப்பு தானாகவே காலாவதியாகும்படி முன்கூட்டியே எழுதிவிட்டால், நான் இல்லாமல் போனாலும் அது உண்மையைச் சொல்லும். வருடத்துக்கு ஒருதடவை தேதியை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. பொங்கலுக்கு அடுத்த நாள் போனில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன்.

‘தீவிரமாக மேம்படுத்தப்படுகிறது’, ‘விரைவில் புதிய பதிப்பு’, ‘பங்களிப்புகள் வரவேற்கப்படுகின்றன’ ஆகிய மூன்று வரிகளையும் கண்டால் அழித்துவிடுங்கள். மூன்றாவது கேட்க நல்லதாக இருக்கிறது, ஆனால் புல் ரிக்குவெஸ்டைப் பார்க்க ஆளில்லாத இடத்தில் பங்களிப்பை வரவேற்பது வீட்டைப் பூட்டிவைத்துவிட்டு விருந்துக்குக் கூப்பிடுவதற்குச் சமம். ஒரு பெடியன் மூன்று நாள் மெனக்கெட்டு எழுதி அனுப்பிவிட்டு, ஆறு மாதம் காத்திருந்து, பிறகு திறந்த மூலம் என்றாலே வெறுத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். அவன் அனுப்பிய இடத்தில் இன்றைக்கும் அந்த வரி அப்படியே இருக்கிறது.

‘புதுப் பராமரிப்பாளர் தேவை’ என்று எழுதுமுன் கொஞ்சம் நிதானியுங்கள். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. யாரிடம் சாவியைக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. 2018-இல் ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் களஞ்சியமான என்பிஎம்மில் இருந்த ஈவென்ட்ஸ்ட்ரீம் என்ற பொதியை அதன் ஆசிரியர், தானாகவே முன்வந்து கேட்ட ஒருவரிடம் ஒப்படைத்தார். வந்தவர் பிட்கொயின் பணப்பையைத் திருடும் நிரலை உள்ளே நுழைத்துவிட்டார். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் கதை இன்னும் மோசம். தனியாளாகக் களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரை, 2022-இல் முன்பின் தெரியாத சில பெயர்கள் ‘ஏன் வேகமில்லை, வேறு ஆளைச் சேர்’ என்று நெருக்கின. கூடவே உதவிக்கு வந்த ஒருவர் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (களவாக உள்ளே நுழையும் வழி) வைத்தார். தூரத்திலுள்ள கணினிக்குள் நுழையப் பாவிக்கும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து அன்ட்ரெஸ் ஃபிரொய்ன்ட் என்ற மென்பொருள் பொறியாளர் தோண்டிப்பார்த்ததால் 2024 மார்ச் 29 அன்று அது வெளியே வந்தது.

இதில் நிலைக் குறிப்புக்கு என்ன வேலை? ‘ஒருவர்தான், நேரம் கிடைக்கும்போதுதான், இதைவிட வேகம் வராது’ என்று முன்னாலேயே எழுதிவைத்திருந்தால், நெருக்குகிறவர்களுக்குக் காட்ட உங்களிடம் ஒரு வரியாவது இருக்கும். திருடனை அது நிறுத்தாது. ஆனால் ‘பதில் போடாமல் விட்டுவிட்டோமே’ என்ற குற்றவுணர்ச்சியில் அவசரமாகச் சாவியைக் கொடுப்பது குறையும். ஆள் தேடினால், ‘ரிலீஸ் வெளியிடும் உரிமை உடனே கிடைக்காது, முதலில் இஷ்யூக்களைப் பிரித்துப் பார்க்க உதவி வேண்டும்’ என்று வேலையைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

நிறுத்துவதென்றால் முறையாக நிறுத்துங்கள். பைத்தான் 2-ஐ நிறுத்தும் தேதியை முதலில் 2015 என்று வைத்து, பிறகு 2020 ஜனவரி 1 என்று நீட்டினார்கள். அந்த நீட்டிப்பை 2014-இலேயே சொல்லிவிட்டார்கள், அப்படியும் கடைசி மாதத்தில் ஓடித்திரிந்தவர்கள் உண்டு. மொமென்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி 2020 செப்டம்பரில், தாங்கள் செத்துவிடவில்லை, ஆனால் வேலை முடிந்துவிட்டது, புதுத் திட்டங்களுக்கு எங்களை எடுக்கவேண்டாம் என்று சொல்லி, பதிலாக எதை எடுக்கலாம் என்ற பட்டியலையும் போட்டது. வாசிக்கிறவருக்கு அடுத்த அடி எங்கே வைப்பது என்று தெரிந்தது. உங்கள் குறிப்பிலும் அந்தப் பட்டியல் இருக்கட்டும், ஒரு பெயராவது.

கிட்ஹப்பில் ரெப்போவை மூடிவைக்கும் ஆர்கைவ் பொத்தானை அமுக்குமுன் ரீட்மீயைத் திருத்திவிடுங்கள். அமுக்கியபின் எல்லாம் வாசிக்க மட்டும்தான், புது இஷ்யூவும் போடமுடியாது. ஃபோர்க் (தனியாகத் தொடர ஒரு பிரதி) எடுக்கலாம். மறந்துவிட்டால் ஆர்கைவை எடுத்துவிட்டுத் திருத்தலாம், ஆனால் அது வீண் அலைச்சல். திறந்திருக்கும் இஷ்யூக்களில் ஒரு வரிப் பதிலாவது போட்டு மூடுங்கள். என்பிஎம்மில் வைத்திருந்தால் பொதியை அழிக்காதீர்கள். 2016-இல் லெஃப்ட்பேட் என்ற பதினொரு வரிப் பொதியை அதன் ஆசிரியர் இழுத்தெடுத்தபோது உலகம் முழுக்க எத்தனையோ பில்டுகள் (நிரலைக் கட்டித் தயாராக்கும் வேலைகள்) விழுந்தன. ‘டெப்ரிகேட்’ கட்டளை கொடுத்தால் பொதி அங்கேயே இருக்கும், நிறுவுகிறவர்களுக்கு நீங்கள் எழுதிய எச்சரிக்கை வரி மட்டும் தெரியும். உரிமக் கோப்பைத் தொடவேவேண்டாம். நாளைக்கு யாராவது ஃபோர்க் எடுத்துத் தொடர அதுதான் அனுமதி.

குறிப்பை எங்கே வைப்பது? ரீட்மீயில், நிறுவும் முறைக்கு முன்னால். கீழே ஏழாவது தலைப்பாக வைத்தால், நிறுவி முடித்த பிறகுதான் கண்ணில் படும். பட்டை வேண்டுமானால் ஒட்டுங்கள், ஆனால் அதை அழுத்தினால் இந்தப் பத்திக்கு வரவேண்டும். தமிழ்ப் பாவனையாளர்களுக்கான கருவி என்றால் தமிழிலேயே எழுதுங்கள், கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி போதும். மென்பொருளின் ‘பற்றி’ சாளரத்திலும் அதே வரிகள் வரட்டும். அச்சகத்தில் இருக்கிற நானா கிட்ஹப் பக்கம் ஒருநாளும் போகப்போவதில்லை, அவருக்குத் தெரிந்தது டெஸ்க்டொப்பில் இருக்கும் அந்த ஐகன் மட்டும்தான்.